தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏழு

ஜூன் 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் நம் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரும். அதனால் விட்டுவிட்டேன்.

என் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று எனக்குச் சொன்னது யார் தெரியுமா? உங்கள் மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பு விற்கிறவர். நான் இப்போது வேலை பார்க்கும் கதிர்வீச்சுத் தணிக்கை அலுவலகத்துக்கும் அவர்தான் திரைச்சீலை தருகிறார். "நேத்து உங்க அண்ணனைக் கதிர்வீச்சு வார்டுல பாத்தேன். இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார். "நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கூடப் பிறந்தவளுக்குச் சேதி சொல்ல விரிப்பு வியாபாரி வர வேண்டியிருக்கிறது.

மீதியை உங்கள் டெக்னீஷியனைப் பிடித்து விசாரித்தேன். முப்பத்து மூன்று சிட்டிங். நேற்று முதல் சிட்டிங் ஆகிவிட்டது. எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்று பிளான் போட்டது நீங்கள். சரிபார்த்ததும் நீங்கள். கையெழுத்தும் உங்களுடையதே. நான் வேலையை விட்டபின் அந்தத் துறையில் கதிர் அளவைக் கணக்கிடும் ஃபிசிசிஸ்ட் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தானே. போட்டவரே சரிபார்க்கக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. அதைச் சொன்னதற்குத்தான் மூன்று வருடம் முன்னால் நான் வீட்டுக்கும் ஆகாதவள், வேலைக்கும் ஆகாதவள் ஆனேன்.

கதிர் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடினால் குரல்வளை கருகும், குறைந்தால் கட்டி மிஞ்சும். உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணனுடைய பிளானை நகல் எடுத்து அனுப்புங்கள். நான் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். போனை நீங்களும் எடுப்பதில்லை, அவனும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். எழுத்தில் இருந்தால் பிறகு யாரும் மாற்றிச் சொல்லவும் முடியாது.

நாத்தனார்


ஜூன் 7

தணிக்கை மேடத்துக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது உன் அண்ணன். "அவளுக்குத் தெரிஞ்சா உடனே ஒரு மனு எழுதுவா" என்றார். அப்படியே எழுதிவிட்டாய். உன்னை அவர் நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்.

மூன்று வருடம் முன்னால் நடந்ததை நீ எடுத்ததால் நானும் சொல்கிறேன். நீ ஒரு வாரம் விடுப்பில் போனாய். ஒரு நோயாளிக்கு அவசரம். நானே பிளான் போட்டு நானே சரிபார்த்தேன். நீ திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிர்வாகத்துக்கு எழுதினாய். அவர்கள் மெஷினைப் பதினொரு நாள் நிறுத்தினார்கள். பாதி சிகிச்சையில் நின்ற நாற்பத்து மூன்று பேர் தினமும் வராந்தாவில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். சிகிச்சை நடுவில் நின்றால் கட்டி மறுபடி வளரத் தொடங்கும் என்று உனக்கும் தெரியும். கடைசியில் அந்தப் பிளானில் அரை சதவீதத் தவறு கூட இல்லை. விசாரணைக் கோப்பில் என்ன எழுதி மூடினார்கள்? 'குடும்பத் தகராறு.' இருபது வருடம் படித்த படிப்புக்கும் செய்த வேலைக்கும் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது.

இப்போது என் கணவரின் கதைக்கு வருகிறேன். கதிர் படும்போது தலை அசையாமலிருக்க மாஸ்க் அச்சு எடுத்தபோது வெந்நீரில் நனைத்த பிளாஸ்டிக்கை அவர் முகத்தில் இழுத்துப் பிடித்தது என் கை. பிளான்படி முதலில் ஒரு பிளாஸ்டிக் கட்டைக்குக் கதிர் கொடுத்து, கதிரை அளக்கும் சேம்பரை அதனுள்ளே வைத்து, கம்ப்யூட்டர் சொன்ன டோஸும் மெஷின் கொடுத்த டோஸும் ஒன்றுதானா என்று அளந்ததும் நான்தான். மற்றவர்களுக்கு ஏழெட்டு இடத்தில் அளப்போம். இவருக்கு எழுபத்தேழு இடத்தில் அளந்தேன். சனிக்கிழமை முழுக்க ஆயிற்று. எழுபத்தாறு ஒத்துப்போயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏழு. தொண்ணூற்றைந்து வந்தாலே பாஸ் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

நகல் கிடையாது. என் குடும்பத்தில் மூக்கை நுழைக்க வேறு வழி பார்.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

எழுபத்தேழு இடமில்லை, எழுநூறு இடத்தில் அளந்தாலும் என் கேள்வி ஒன்றுதான். எந்தச் சேம்பரால் அளந்தீர்கள்?

உங்களிடம் நம்பகமான சேம்பர் ஒன்றுதான் உண்டு. மெஷின் எவ்வளவு கதிர் தர வேண்டும் என்று மாதாமாதம் திருகிச் சரிசெய்வது அதைப் பார்த்துத்தான். பிளான் சரியா என்று அளப்பதும் அதைக் கொண்டுதான். கடைக்காரர் தராசு எட்டு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வையுங்கள். அவர் குறைத்துப் போடுவார். சந்தேகப்பட்டு அதே தராசில் மறுபடி நிறுத்தால் எடை சரியாகத்தான் காட்டும். உங்கள் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏழுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இதனோடு சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே மூன்று கண்ணாடிக் குச்சிகள் இருக்கின்றன. எங்கள் அலுவலகத்திலிருந்து நாற்பது மருத்துவமனைகளுக்கு இதைத்தான் அனுப்புகிறோம். மெஷினடியில் வைத்து இரண்டு கிரே அளவு கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்பினால், உண்மையில் எவ்வளவு பட்டது என்று இங்கே படித்துச் சொல்லிவிடுவோம். பத்து நிமிட வேலை. உங்கள் மருத்துவமனைக்கு இரண்டு வருடமாக அனுப்புகிறோம், இரண்டு முறையும் 'நேரமில்லை' என்று பதில் வந்தது. கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உங்களுக்காக இதைச் செய்யவில்லை. நீங்கள் தோற்றுப்போவதைப் பார்க்க எனக்கு ஆசை உண்டு, ஒளிக்க மாட்டேன். ஆனால் என் அண்ணன் தொண்டையை வைத்து வேண்டாம்.

நாத்தனார்


ஜூன் 24

தணிக்கை மேடத்துக்கு,

பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். உன் அலுவலகப் பெயர் போட்ட பொருளை என் மெஷினடியில் வைத்தால் அடுத்த வாரம் அது ஒரு புகாராக வரும். ஒரு முறை பட்டது போதும்.

நேற்றோடு மூன்று வாரம் முடிந்தது. உன் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமா? கெட்டியான சாப்பாடே சாப்பிடுகிறார். இந்தக் கட்டத்தில் பொதுவாகக் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கண்ணீர் விடுவார்கள். கழுத்துத் தோல் சிவக்கக்கூட இல்லை. முன்பு வேறு ஊரில் கதிர் வாங்கியவர் ஒருவர் "உங்களுக்கு மட்டும் என்னங்க, ஸ்பெஷல் கதிரா?" என்று கேட்டாராம். "வீட்டுக்காரி போட்ட பிளானுங்க" என்று இவர் பெருமையடித்துக்கொண்டார். வீட்டில் பாட்டு வேறு. குரல் கரகரப்பாக இருந்தாலும் விடுவதில்லை. நான் கெட்டுப்போன தராசு வைத்திருக்கிறேன் என்றாயே, வந்து பார் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்ல மாட்டேன்.

சேம்பரைப் பற்றி உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? போன வருடம் ஏப்ரலில் பழுதானது. ஆய்வகத்துக்கு அனுப்பி, முனையை மாற்றி, அது காட்டுவதைக் கதிர் அளவாக மாற்றப் பெருக்க வேண்டிய புது எண்ணோடு சான்றிதழும் வாங்கினேன். அந்த எண்ணை எக்செல் ஷீட்டின் முதல் பக்கத்தில் நானே அடித்தேன், இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன். நீ செய்த ஷீட்தான் அது. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தும் அதை நான் தூக்கிப் போடவில்லை. வேலையையும் ஆளையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும்.

இனி எழுதாதே.

அண்ணி


ஜூன் 27, ஆள் கையில் கொடுத்தனுப்புவது

அண்ணி,

முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

காலையிலிருந்து உங்களுக்குப் பதினாறு முறை போன் செய்தேன். பெரிய டாக்டருக்கும் செய்தேன். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்? இது ஆஸ்பத்திரிம்மா, உங்க வீட்டுக் கூடம் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சொல்ல வந்ததில் பாதி வாக்கியம்கூட அவர் காதில் விழவில்லை. அதனால் எங்கள் டிரைவரையே அனுப்புகிறேன். நீங்கள் இதை வாங்காமல் அவர் வாசலை விட்டு நகர மாட்டார்.

கழுத்து சிவக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் போனை எடுத்தேன். மூன்றாவது வாரத்தில் தொண்டைக்கு முழு டோஸ் வாங்கியவன் பாடுவானா? நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? பெருமை உங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்த ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் எண் வெறும் பார்வைக்கு. அச்செடுத்தால் தலைப்பில் வரும், அவ்வளவுதான். கணக்கு எடுத்துக்கொள்வது மூன்றாம் பக்கத்தில் இருக்கும் எண்ணை. அந்தப் பக்கத்தை நான் மறைத்து, பூட்டி, கடவுச்சொல் போட்டு வைத்தேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் எண்ணில் கை வைத்து எதையாவது பாஸ் ஆக்கிவிடுவீர்கள் என்று நினைத்தேன். வேலையை விட்டுப் போகும்போது கடவுச்சொல்லைச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. பூட்டு இருப்பதே உங்களுக்குத் தெரியாது என்பது நேற்றுவரை என் மண்டையில் ஏறவில்லை.

முனை மாறியதால் சேம்பரின் எண் எவ்வளவு மாறியது என்று சான்றிதழைப் பாருங்கள். பிறகு மூன்றாம் பக்கத்தைத் திறங்கள். கடவுச்சொல் அண்ணன் என்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயரும், அதன் பின்னால் அவன் பிறந்த வருடமும். பெட்டியை மறுபடி வைத்திருக்கிறேன். மூன்று குச்சிகள்.

நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் நானே மெஷின் அறை வாசலில் வந்து உட்காருவேன். காவலாளியை விட்டுத் தூக்கிப் போடுங்கள், பரவாயில்லை.


ஜூன் 28, மாலை

திறந்தேன். பழைய எண்தான் இருக்கிறது. வித்தியாசம் ஏழு புள்ளி எட்டு சதவீதம்.

சேம்பர் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. மெஷின் அதிகமாகத் தருகிறது என்று நம்பி நான்தான் அதைக் குறைத்து வைத்தேன். போன வருடம் மே இரண்டாம் தேதி. பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அன்றிலிருந்து பதினாலு மாதம், இந்த மெஷினில் படுத்த எல்லாருக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறது. உன் அண்ணனுக்கு இருபது சிட்டிங்.

குச்சிகளை வைத்துக் கதிர் கொடுத்துவிட்டேன். இந்த உறையில் இருக்கின்றன. உன் டிரைவர் இங்கேயே காத்திருக்கிறார்.

நான்கு மணியிலிருந்து ஐந்து மணிவரை என்ன செய்தேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நாளை சனிக்கிழமை, துறையில் யாரும் வர மாட்டார்கள். நான் தனியாக வந்து அரை மணி நேரத்தில் மெஷினைச் சரிசெய்துவிடலாம். திங்கட்கிழமை எல்லாருக்கும் சரியான டோஸ் போகும். அவருக்குக் கூடுதலாக இரண்டு சிட்டிங் வேண்டும் என்று டாக்டரிடம் ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. வெளியில் சொன்னால் மெஷினை நிறுத்துவார்கள். போன முறை ஒன்றுமில்லாத புகாருக்கே பதினொரு நாள். இந்த முறை எத்தனை நாளோ. அத்தனை நாளும் அவர் தொண்டையில் கட்டி சும்மா இருக்காது. சொன்னால் அவருக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் பதினாலு மாதமாக வந்துபோனவர்களுக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை நான்.

அப்போது டெக்னீஷியன் புது நோயாளியின் பிளானைக் கொண்டுவந்தார். "மேடம், நூத்துக்கு நூறு பாஸ். சைன் பண்ணிட்டா திங்கள்ல இருந்து ஆரம்பிச்சிடலாம்" என்றார். பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இந்த உறையை ஒட்டியதும் பெரிய டாக்டர் அறைக்குப் போகிறேன். உன்னிடம் நான் யோசனை கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய். குச்சிகளைச் சீக்கிரம் படி. மெஷின் மறுபடி ஓட வேண்டுமானால் எனக்கு வெளியிலிருந்து ஒரு எண் வேண்டும். என் எண்ணை இனி யாரும் நம்ப மாட்டார்கள், நானும்கூட.

அவரை நான் நோயாளியாகப் பார்க்காமல் கணவராகப் பார்த்தேன். அதனால்தான் சிவக்காத தோலைப் பார்த்து சந்தோஷப்பட்டேன்.


ஜூலை 2

அண்ணிக்கு,

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆய்வகத்தைத் திறக்க வைத்து நானே படித்தேன். முதல் மூன்று குச்சிகளில் ஏழு புள்ளி ஆறு குறைவு. நீங்கள் மெஷினைத் திருத்திய பின் நேற்று அனுப்பிய மூன்றில் புள்ளி நான்கு கூடுதல். மெஷின் சரியாக இருக்கிறது. அலுவலக முத்திரையோடு அறிக்கை தனியாகப் பெரிய டாக்டருக்குப் போயிருக்கிறது. நாளைக் காலை தொடங்கலாம். அண்ணனுக்கு விட்டுப்போனது இரண்டு நாள். பதினொன்று ஆகவில்லை.

நீங்கள் அனுப்பிய அறிக்கையின் வரைவையும் படித்தேன். அதில் பூட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'பழைய எண் கவனக்குறைவால் மாற்றப்படவில்லை' என்று எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யாரைக் காப்பாற்ற? எனக்கு உங்கள் பிச்சை வேண்டாம். இன்னும் இரண்டு மருத்துவமனைகளுக்கு அதே ஷீட்டை நான் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் யாராவது முதல் பக்கத்தில் எண்ணை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இரண்டுக்கும் நேற்றே எழுதிவிட்டேன், கீழே என் பெயரைப் போட்டு. உங்கள் அறிக்கையிலும் என் பெயர் வர வேண்டும்.

அதற்காக நாம் சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். குச்சிப் பெட்டியை மூன்று முறை திருப்பி அனுப்பியவர் நீங்கள். முதல் முறையே வாங்கியிருந்தால் இரண்டு வருடம் முன்னாலிருந்தே உங்களுக்கு வெளியிலிருந்து ஒரு கண் இருந்திருக்கும். என்னை ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் போன வருடமே முடிந்திருக்கும். உங்களுக்கு ரோஷம் பெரிது.

எனக்கும்தான். அதைத்தான் எழுத வந்தேன், வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன்.

நாத்தனார்


ஜூலை 25

உனக்கு,

அவருக்கு நேற்றோடு சிகிச்சை முடிந்தது. முப்பத்து மூன்று என்றிருந்ததை டாக்டர் முப்பத்தாறாக்கினார். குறைந்ததை ஈடு கட்டியாயிற்று என்கிறார். முழுக்க ஈடு ஆகிவிட்டதா என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சு சொல்றேன்" என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியாது.

அறிக்கையில் உன் பெயரைச் சேர்த்தேன். எனக்கு அதில் விருப்பமில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக நான் விட்டிருந்தேன் என்று நினைத்தாய் பார், அங்கேதான் உன் புத்தி நிற்கிறது. இரண்டு பெயர் இருந்தால் மறுபடி 'குடும்பத் தகராறு' என்று கோப்பை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். இந்த முறை மூடவில்லை. என்னைத் துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். என் பிளான்களை அவர் சரிபார்க்கிறார். நேற்று ஒன்றில் தவறு கண்டுபிடித்தார். சின்னதுதான், ஆனால் தவறு. 'நன்றி' என்று சொன்னேன். அந்த வார்த்தையை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. இப்போதும் சொல்வதாக இல்லை.

பதினாலு மாதத்தில் சிகிச்சை வாங்கியவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, மறுபரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும். டாக்டர் ஒருவர் கூட இருப்பார். ஆனால் கணக்கு எங்கே தவறியது என்று கேட்பவர்களுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். 'நாம்' என்றுதான் சொன்னார். சிகிச்சை முடியும் தேதி வரிசைப்படி பட்டியல் போட்டு நடுவில் கிழித்தேன். முதல் நூற்றேழு எனக்கு. மீதி இந்த உறையில் இருக்கிறது.

நான் முப்பத்தொரு பேரைக் கூப்பிட்டுவிட்டேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எடுத்தவுடன் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்காதே. நான்காவது ஆளுக்கு அப்படித்தான் செய்தேன். போனை எடுத்தது அவர் மனைவி. "அவர் மாசி மாசமே போயிட்டாரும்மா. இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. "சரிம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். யார் எடுக்கிறார்கள், குரல் எப்படி இருக்கிறது என்று முதலில் கேள். பிறகு பேசு. பூட்டு, கடவுச்சொல் என்றெல்லாம் விளக்கம் கொடுக்காதே. அது நமக்குத்தான் முக்கியம். 'எங்கள் தவறு' என்று சொல், அவர்கள் பேசி முடிக்கும்வரை போனை வைக்காதே.

உன் பாதியில் கடைசிப் பெயரைப் பார்.

அவருக்கு இன்னும் தெரியாது. அந்த இரண்டு நாள் மெஷின் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறோம். கூட மூன்று சிட்டிங் ஏன் என்று கேட்டார், "டாக்டர் சொன்னா கேட்டுக்கணும்" என்றேன். இப்போது குரலே இல்லை, சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறார். மூன்று முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று முறையும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ பாத்துக்கிட்டதால பொழச்சேன்' என்று எழுதிக் காட்டினார். முன்பின் தெரியாத முப்பத்தொரு பேரிடம் சொன்ன வாய் எனக்கு அங்கே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. நீ வந்தால் என்ன சொல்வார் என்று தெரியாது, மூன்று வருடக் கோபம் அவருக்கும் இருக்கிறது. எழுந்து போகச் சொன்னாலும் போகாதே. நீ சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி